உண்டும் உருகும் உடல்: சிலாவத்துறைக் கரையிலிருந்து ஒரு மருத்துவ வரலாறு

சிலாவத்துறையைப் பற்றி எழுதுகிறவர்கள் முத்துக்குளிப்பில் தொடங்குவது வழக்கம். நாமும் அங்கேயே தொடங்குவோம். ஆனால் கழுத்தில் ஏறிய முத்தைப் பற்றியல்ல, கல்வத்தில் அரைபட்ட முத்தைப் பற்றி.

மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் எடுத்த சிப்பிகளில் உருண்டு திரண்ட பெரிய முத்துக் கிடைப்பது அபூர்வம். கூடுதலாகக் கிடைத்தது கடுகளவுத் தூள் முத்துத்தான். அதற்கும் சந்தை இருந்தது. ஒரு பங்கு நீற்றப்பட்டு, பணக்கார வீடுகளின் வெற்றிலைத் தட்டில் சுண்ணாம்பானது. இன்னொரு பங்கு வைத்தியர்களிடம் போனது. சித்த வைத்தியர்கள் முத்துப் பற்பம் செய்தார்கள். யூனானி ஹகீம்கள் முத்தைப் பொடித்துப் பாகில் சேர்த்துக் ‘கமீரா மர்வாரீத்’ கிண்டினார்கள். மர்வாரீத் என்றால் பாரசீகத்தில் முத்து. இருதயத்துக்குரிய மருந்துகள் பற்றித் தனி நூல் எழுதிய இப்னு சீனாவும் (980–1037) முத்தை அந்த வரிசையில் வைத்திருந்தார்.

இந்த மருந்து யாருக்குக் கொடுக்கப்பட்டது? நெஞ்சு படபடத்தவருக்கு, நெடுநாள் காய்ச்சலில் கிடந்து எழும்பியவருக்கு, காரணம் தெரியாமல் பலம் குன்றியவருக்கு. அந்தக் கடைசி ஆள்தான் இந்தக் கட்டுரையின் ஆள். உணவுக்குழாய், இரைப்பை, கணையம், குடல் என்று செரிமானப் பாதையில் புற்று வந்தவர் ஏன் மெலிகிறார், ஊட்டியும் ஏன் தேறுவதில்லை என்ற கேள்விக்கு ஏறத்தாழ ஆயிரம் வருஷ வரலாறு இருக்கிறது. அந்தக் கேள்விக்கு நம் வீடுகளில் சொல்லப்படும் பதில்கள் பல நேரம் நோயாளியையும், அவரைப் பார்த்துக்கொள்பவரையும் புண்படுத்துகின்றன. அதைவிடப் பெரிய கேடு, காலத்தைத் தின்றுவிடுகின்றன. ஆகவே வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது.

ஒரே மெலிவு, பல பெயர்கள்

முசலிப் பக்கத்தில் ஒருவர் கண்முன்னே மெலிந்து போனால் ஊர் சொல்லும் காரணங்கள் நாலைந்துதான். இருமலும் சேர்ந்திருந்தால் எலும்புருக்கி. அடிக்கடி தண்ணீர் குடித்தால் சீனி வருத்தம். இரண்டும் இல்லையென்றால் கண்ணூறு, சூனியம் என்று பேச்சு கிளம்பும். அதுவும் இல்லையென்றால், “மருமகள் வாய்க்கு ருசியா ஒண்டும் ஆக்கிக் குடுக்கிறல்ல” என்ற பழி.

1990க்குப் பிறகு இன்னொரு காரணமும் சேர்ந்தது. அந்த வருஷம் ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, சிலாவத்துறை, கொண்டச்சி, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி, பாலைக்குளி மக்களும் கையில் அகப்பட்டதோடு புத்தளத்துக்கும் கற்பிட்டிப் பக்கமும் போனார்கள். ஓலைக் குடிசைகளில் வருஷக்கணக்காக இருந்தார்கள். அங்கே மெலிந்து போன முதியவர்களைப் பற்றி, “ஊரை நினைச்சி நினைச்சியே உருகிப் போனார்” என்றுதான் சொல்லப்பட்டது. அந்தச் சொல் பொய்யில்லை. கவலை பசியைக் கெடுக்கும். முகாம் வாழ்க்கையில் உணவும் குறைவு. ஆனால் கவலையால் மெலிந்தவரும், பட்டினியால் மெலிந்தவரும், இரைப்பைப் புற்றால் மெலிந்தவரும் வெளிப்பார்வைக்கு ஒரே மாதிரித்தான் இருப்பார்கள். உள்ளே நடப்பது மூன்றும் வேறு. இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கத்தான் மருத்துவத்துக்கு இவ்வளவு காலம் பிடித்தது.

இப்னு ஸுஹ்ரின் வெள்ளிக் குழாய்

புற்றுநோய்க்கு அரபு மருத்துவர்கள் வைத்த பெயர் ‘ஸரதான்’, அதாவது நண்டு. கிரேக்கரும் அதே பெயரைத்தான் வைத்திருந்தார்கள். குர்துபாவின் அறுவை மருத்துவர் அஸ்-ஸஹ்ராவி, கட்டி தொடக்கநிலையில் சிறிதாக, முழுவதும் வெட்டியெடுக்கக்கூடிய இடத்தில் இருந்தால் மட்டுமே கத்தி வைக்கலாம், முற்றிப் பெருத்ததைத் தொடக்கூடாது என்று எழுதினார். முற்றிய புற்றைத் தாமும் குணப்படுத்தியதில்லை, வேறொருவர் குணப்படுத்திக் கண்டதுமில்லை என்று ஒளிக்காமல் சொன்னார். அது கண்ணுக்குத் தெரிகிற கட்டியைப் பற்றிய பேச்சு. வயிற்றுக்குள் இருக்கும் கட்டியை யார் கண்டார்கள்?

இஷ்பீலியாவில், இன்றைய செவில் நகரில், வாழ்ந்த இப்னு ஸுஹ்ர் கண்டார். 1162இல் காலமான இவர் தலைமுறை தலைமுறையாக மருத்துவம் செய்த குடும்பத்தவர். இப்னு ருஷ்தின் வேண்டுகோளை ஏற்று எழுதிய ‘கிதாபுத் தைஸீர்’ நூலில் உணவுக்குழாய்ப் புற்றின் போக்கை அவர் விவரித்தார். முதலில் இலேசான வலி, விழுங்கும்போது சிறு தடங்கல். பிறகு கட்டியானது இறங்காது. கடைசியில் ஒன்றுமே இறங்காது. இன்று மருத்துவ மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வரிசையும் இதுதான். இரைப்பைப் புற்றையும் விவரித்த முன்னோடிகளில் ஒருவராக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் அவரைக் கருதுகிறார்கள். லத்தீனில் பெயர்க்கப்பட்ட தைஸீர் 1490இல் வெனிஸில் அச்சேறியது.

நமக்கு முக்கியம் அவர் சொன்ன பரிகாரம். தொண்டை வழியாக வெள்ளிக் குழாயைச் செலுத்தி, அதன் மூலம் பால் போன்ற திரவ உணவை ஊட்டலாம் என்றார். அதுவும் முடியாதபோது பின்வாசல் வழியாக ஊட்டத் திரவத்தைச் செலுத்தும் வழியையும் எழுதினார். இன்று மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ வைக்கிற உணவுக் குழாயின் மூதாதை அது.

அந்த வெள்ளிக் குழாய்க்குள் ஒரு கருத்தும் இருந்தது. பாதை அடைபட்டிருக்கிறது, உணவு போகவில்லை, ஆகவே உடல் மெலிகிறது; பாதையைத் திறந்துவிட்டால் உடல் தேறும் என்பதே அது. வைத்தியர் மட்டுமல்ல, கஞ்சிக் கோப்பையோடு கட்டிலருகே நிற்கிற ஒவ்வோர் உம்மாவும் இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார். நியாயமான நினைப்புத்தான். ஆனால் பாதி உண்மை.

விளக்கும் திரியும்

மறுபாதிக்கு ஒரு சாடை இப்னு சீனாவிடம் இருக்கிறது. ‘கானூன்’ நூலில் உடலை அரிக்கும் ‘திக்’ என்ற காய்ச்சலை விளக்கும்போது அவர் ஒரு விளக்கை உவமை காட்டுகிறார். முதல் கட்டத்தில் அகலில் உள்ள எண்ணெய் எரிகிறது. இரண்டாம் கட்டத்தில் திரியில் ஊறியிருக்கும் எண்ணெய் எரிகிறது. மூன்றாம் கட்டத்தில் திரியே எரிகிறது. இரண்டாம் கட்டத்துக்குத் ‘துபூல்’, வாடுதல், என்று பெயர்.

இது புற்றுநோயைப் பற்றிய விளக்கமல்ல. பழைய மருத்துவர்களின் காய்ச்சல் கோட்பாட்டைச் சேர்ந்தது. ‘எல்லாம் அன்றே சொல்லிவிட்டார்கள்’ என்று கொண்டாடுவது நம் முன்னோர்களுக்குச் செய்யும் மரியாதையுமல்ல. ஆனால் அந்த உவமையில் ஒரு கூர்மை உண்டு. மெலிவு என்றால் உள்ளே போவது குறைவது மட்டுமல்ல, உள்ளே எரிவதும் மாறிவிடுகிறது என்று அது சொல்கிறது. கிரேக்கர்கள் இந்த நிலையைக் ‘கெக்கெக்ஸியா’ என்றார்கள். கெட்ட நிலை என்று பொருள். அந்தப் பெயர்தான் இன்றும் மருத்துவத்தில் நிற்கிறது. இங்கே அதை நலிவு என்று சொல்லிக்கொள்வோம்.

வளைகுடாவின் மறுகரையில்

கீழக்கரை, காயல்பட்டினப் படகுகள் சலாபத்துக்கு வந்துபோன அதே வளைகுடாவின் மறுகரையில், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி இந்த வரலாற்றில் வருகிறது. இன்று அது தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டம். 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் கலந்துகொண்ட ஹவார்ட் சொமர்வெல் என்ற ஆங்கில அறுவை மருத்துவர், மலையை விட்டுவிட்டு இங்கே வந்து பல்லாண்டுகள் வயிற்று நோயாளிகளுக்கு அறுவை செய்தார். அங்கே பணியாற்றிய ஐ. எம். ஓர், வெற்றிலை போடுவோரிடையே காணும் வாய்ப்புற்று பற்றி 1933இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார்.

இலங்கையிலும் அதே கேள்வி எழுந்தது. எஸ். ஜே. ஸ்டீபனும் சி. ஜி. ஊரகொடவும் 1970இல் பிரித்தானியப் புற்றுநோய் ஆய்விதழில், இந்நாட்டின் உணவுக்குழாய்ப் புற்றுக்கும் வெற்றிலைப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து எழுதினார்கள். இலங்கை மருத்துவ வரலாற்றை நூலாக்கிய ஊரகொடவும் இவரே. 2004இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் புற்றை உண்டாக்கும் என்றும், பாக்குத் தனியாகவே அப்படிப்பட்டது என்றும் முடிவு செய்தது. தூள் முத்தை நீற்றிச் சுண்ணாம்பாக்கியவர்களின் வெற்றிலைத் தட்டும், நம் மூத்தம்மாமாரின் இடிகல்லும் இந்தக் கணக்குக்கு வெளியே இல்லை.

எரிப்பின் கணக்கு மாறியது

புற்றுக் கலம் எதை எப்படி எரிக்கிறது என்று 1920களில் அளந்து பார்த்தவர் ஜேர்மனியின் ஒட்டோ வார்பர்க். சாதாரணக் கலம் ஒட்சிசன் இருக்கும்போது குளுக்கோசை முழுவதும் எரித்துப் பலன் எடுக்கும். புற்றுக் கலமோ ஒட்சிசன் தாராளமாக இருந்தாலும் குளுக்கோசைப் பாதியில் விட்டு, இலக்டிக் அமிலமாக வெளியே தள்ளுகிறது. ஊதாரியின் சமையல் மாதிரி. நிறைய விறகு, கொஞ்சச் சோறு.

அந்த அமிலம் எங்கே போகிறது? 1925இல் அமெரிக்காவின் பஃபலோ நகரில் கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதியர் ஒரு கோழியை எடுத்தார்கள். அதன் ஒரு செட்டையில் கட்டி, மற்றது நல்ல செட்டை. இரண்டிலிருந்தும் திரும்பி வரும் இரத்தத்தை ஒப்பிட்டார்கள். கட்டியுள்ள பக்கத்து இரத்தத்தில் குளுக்கோஸ் குறைவு, இலக்டிக் அமிலம் கூட. உடலில் இப்படிச் சேரும் இலக்டிக் அமிலத்தை ஈரல் வாங்கி, மறுபடி குளுக்கோசாக்கி அனுப்புகிறது என்ற சுழற்சியை அவர்கள் 1929இல் விளக்கினார்கள். இருவரும் 1947இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

இந்தச் சுழற்சியில் ஒரு நட்டம் ஒளிந்திருக்கிறது. ஒரு குளுக்கோசைப் பாதியில் உடைக்கும் கட்டிக்குக் கிடைப்பது 2 பங்கு சக்தி. அதை மறுபடி குளுக்கோசாக்க ஈரல் செலவழிப்பது 6 பங்கு. செலவு முழுவதும் நோயாளியின் தலையில். அவர் படுத்தே கிடக்கலாம். ஈரல் மட்டும் இராப்பகலாக வேலை செய்கிறது.

சலாபக் கணக்கோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சலாபங்களில், கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரித்து, இரண்டை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. குளித்தவர்களுக்கு மிஞ்சியது ஒன்று. கொடுமையான பங்குதான். ஆனாலும் பங்கு என்று ஒன்று இருந்தது, எண்ணிப் பார்க்க முடிந்தது. புற்று அப்படிப் பங்கு கேட்டு நிற்பதில்லை. கணக்குப்பிள்ளையையே தன் பக்கம் இழுத்துவிடுகிறது. ஈரல், கொழுப்பு, தசை, மூளையின் பசி மையம் எல்லாம் அதன் கணக்குக்கு ஏற்ப வேலை செய்யத் தொடங்குகின்றன.

பட்டினி வேறு, நலிவு வேறு

பட்டினி கிடக்கும் ஆரோக்கியமான உடல் மிகச் சிக்கனமானது. முதலில் ஈரலில் சேமித்த குளுக்கோசைச் செலவழிக்கும். அது ஒரு நாளளவில் தீர்ந்துவிடும். பிறகு கொழுப்பைக் கரைத்துக் கீட்டோன் என்ற எரிபொருளாக்கும். மூளையும் அதை ஏற்றுக்கொள்ளும் என்பதை ஜோர்ஜ் கெஹிலும் அவருடைய குழுவினரும் 1967இல் காட்டினார்கள். அதனால் தசை கரைவது குறைகிறது. உடல் தன் வேகத்தையும் தணித்துக்கொள்கிறது. அப்படிப்பட்டவருக்கு மெல்ல மெல்ல உணவு கொடுத்தால் தேறிவிடுவார். முகாமில் மெலிந்த பலர் சாப்பாடு சீரானதும் தேறியது இதனால்தான்.

புற்று நலிவில் இந்தச் சிக்கனம் தோற்றுப்போகிறது. கொழுப்போடு தசையும் சேர்ந்தே கரைகிறது. இன்சுலின் சொல்வதை உடல் கேட்பதில்லை. தசைப் புரதம் உடைந்து ஈரலுக்குப் போகிறது. ஈரல் அதைக் கொண்டு அழற்சிக் காலத்துப் புரதங்களைச் செய்கிறது. ஆக, இப்னு சீனாவின் உவமையில் சொன்னால், அகலில் எண்ணெய் இருக்கும்போதே திரியும் எரியத் தொடங்கிவிடுகிறது.

இதன் கனத்தை 1932இல் ஷீல்ட்ஸ் வாரன் என்ற அமெரிக்க நோயியலாளர் பிரேதப் பரிசோதனைகளில் கண்டார். 500 புற்று நோயாளிகளின் மரணக் காரணங்களை ஆராய்ந்தபோது, நலிவே மௌத்துக்கு உடனடிக் காரணமானவர்கள் 100க்கு 22 பேர். 1980இல் 3,047 நோயாளிகளை வைத்துச் செய்த இன்னோர் ஆய்வில், சிகிச்சை தொடங்கும் முன்பே எடை குறைந்திருந்தவர்கள் இரைப்பை, கணையப் புற்றுக்காரரிடையே 100க்கு 80க்கும் மேல். செரிமானப் பாதைதான் இந்த நலிவின் பிரதான வாசல்.

குழாய் கொடுத்த பாடம்

இப்னு ஸுஹ்ரின் வெள்ளிக் குழாய்க்கு 1968இல் ஒரு பெரிய வாரிசு வந்தது. அமெரிக்காவில் ஸ்டான்லி டட்ரிக்கும் அவருடைய கூட்டாளிகளும், வாயையும் குடலையும் முழுவதும் தவிர்த்து, பெரிய நாளத்தின் வழியாக இரத்தத்திலேயே முழு உணவையும் செலுத்தும் முறையை நிலைநாட்டினார்கள். முதலில் நாய்க்குட்டிகள் அந்த உணவிலேயே வளர்ந்தன. பிறகு குடலில்லாமல் பிறந்த குழந்தையும் வளர்ந்தது. மருத்துவத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று அது.

புற்று நோயாளிகளுக்கும் அது பெரிய நம்பிக்கையாக வந்தது. அடைப்புத்தான் பிரச்சினை என்றால் இனி அடைப்பே தடையில்லை அல்லவா? பல வருஷங்கள் பரிசோதித்தார்கள். கீமோதெரபி எடுக்கும் புற்று நோயாளிகளுக்கு இதை வழக்கமாகக் கொடுப்பதால் ஆயுள் கூடவில்லை, தொற்று கூடியது. அப்படிக் கொடுப்பதை ஊக்குவிக்க முடியாது என்று 1989இல் அமெரிக்க மருத்துவர் கல்லூரி அறிவித்தது.

இங்கே அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வரக்கூடாது. உணவு பயனற்றது என்பதல்ல பொருள். விழுங்க முடியாதவருக்குக் குழாய் உயிர்காக்கும். அறுவைக்கு முன் உடலைத் தேற்றுவதும், கதிர்வீச்சுக் காலத்தில் எடையைத் தாங்கிப் பிடிப்பதும் சிகிச்சையின் பகுதிகள். 1989இன் பாடம் இதுதான்: ஊட்டினால் மட்டும் போதாது. உள்ளே கணக்கு மாறியிருக்கிறது. கட்டியையும், கட்டி கிளப்பிவிட்ட அழற்சியையும் தொடாமல், ஊட்டுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போலாகும்.

தூதர்களைத் தேடி

கட்டி சிறியதாக இருக்கும்போதே உடல் முழுவதும் எப்படி நலிகிறது? யார் செய்தி கொண்டு போகிறார்கள்? இதற்கு முதல் துப்பு மாடுகளிடமிருந்து கிடைத்தது. ஆபிரிக்காவில் தூக்க நோய்க் கிருமி தொற்றிய மாடுகள், உடலில் கிருமி கொஞ்சமாக இருந்தும் எலும்பும் தோலுமாகிச் செத்தன. நியூயோர்க்கின் ரொக்கஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் அன்டனி செராமியும் புரூஸ் பியூட்லரும் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்துக் ‘கெக்கெக்டின்’ என்று பெயர் வைத்தார்கள். கட்டிகளை அழிக்கும் பொருள் என்று 1975இல் இன்னொரு குழு கண்டிருந்ததும் அதுவும் ஒன்றே என்று 1985இல் தெரியவந்தது. உடலைக் காக்க வந்த படைவீரனே உடலைத் தின்னவும் செய்கிறான். ஆனால் அந்த ஒரு பொருளைத் தடுத்த மருந்துகள் புற்று நலிவை நிறுத்தவில்லை. தூதர் ஒருவரல்லர், பலர்.

2017இல் இன்னொரு தூதரின் வழி தெரிந்தது. ஜீடிஎஃப் 15 என்ற புரதம் மூளையின் அடித்தண்டில் ஒரு குறிப்பிட்ட வாங்கியைத் தொட்டு, பசியை அணைத்துக் குமட்டலைக் கிளப்புகிறது. கர்ப்பிணிகளுக்கு மசக்கையில் சோற்று வாடையே பிடிக்காமல் போவதிலும் இதே புரதத்துக்குப் பங்குண்டு. மசக்கைக்காரியிடம் “பிடிவாதம் பிடிக்காம தின்னு” என்று யாராவது சொல்வார்களா? புற்று நோயாளி தட்டைத் தள்ளிவைப்பதும் அதுபோலத்தான். மனசில்லாமலல்ல, மூளைக்கு வேறு செய்தி போய்க்கொண்டிருக்கிறது.

2021இல் ஜப்பான், இரைப்பை, கணையம், பெருங்குடல் உள்ளிட்ட சில புற்றுகளின் நலிவுக்கு அனமொரெலின் என்ற பசி மருந்தை அனுமதித்தது. 2024இல் ஜீடிஎஃப் 15ஐத் தடுக்கும் ஒரு மருந்தை 187 நோயாளிகளிடம் 12 வாரம் சோதித்ததில், கூடிய அளவு பெற்றவர்களின் எடை, போலி மருந்து பெற்றவர்களைவிடச் சராசரி 2.8 கிலோ கூடியிருந்தது. இது புற்றைக் குணமாக்கும் மருந்தல்ல. நலிவு தனியாகவே சிகிச்சை தேடவேண்டிய ஒன்று என்பதற்குச் சான்று.

உறுப்புக்கு உறுப்பு

பொதுவான இந்த மாற்றத்துக்கு மேல், செரிமான உறுப்பு ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு சிக்கலைக் கூட்டுகிறது. உணவுக்குழாய் அடைத்துக்கொள்கிறது. இரைப்பையில் கொஞ்சம் சாப்பிட்டதும் நிறைந்துவிட்டது போலாகிறது. அறுவையில் இரைப்பை முழுவதும் எடுக்கப்பட்டால் வைட்டமின் பி12 உடலில் சேரும் வழியே போய்விடுகிறது. ஆயுள் முழுக்க ஊசி வேண்டும். கணையத்தின் நொதிகள் குடலுக்கு வராவிட்டால் கொழுப்புச் செரிக்காமல், மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு போகிறது. பித்தக் குழாய் அடைபட்டால் மஞ்சள் காமாலை. பெருங்குடல் கட்டியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் இரத்தம் கசிந்து, ஆள் வெளிறிக் களைத்துப் போவார்.

கணையத்தின் இன்னொரு வேலையைத் தனியாகச் சொல்ல வேண்டும். நீரிழிவு இல்லாதிருந்த ஐம்பது தாண்டிய ஒருவருக்குத் திடீரென்று சீனி கூடி, அதோடு எடையும் குறைந்தால், எப்போதாவது அதன் பின்னால் கணையப் புற்று இருக்கலாம். எல்லாருக்கும் அப்படியல்ல, பெரும்பாலானோருக்குச் சாதாரண நீரிழிவுதான். ஆனால் “சீனிதானே, மெலிவுதான்” என்று விட்டுவிடாமல், எடை குறைந்ததையும் வைத்தியரிடம் சேர்த்துச் சொல்வது நம் கடமை.

நம் வீடுகளுக்கு

இந்த வரலாறு நமக்கு என்ன சொல்கிறது?

முதலாவது, பழி சொல்வதை நிறுத்துவது. நோயாளி தேறாததற்கு மருமகளின் கைப்பக்குவமோ, மகனின் அலட்சியமோ, நோயாளியின் பிடிவாதமோ காரணமல்ல. கட்டிலருகே நிற்கும் பெண்கள் தூக்கமின்மையோடு இந்தப் பழியையும் சுமக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, வார்பர்க் கதையை அரைகுறையாகக் கேட்டுவிட்டு, “சீனியும் சோறும் புற்றுக்குத் தீனி, நிறுத்திப் போடுங்க” என்று சொல்கிறவர்களிடம் கவனமாக இருப்பது. உள்ளே சோறு போகாவிட்டால் ஈரல் தசையைக் கரைத்துக் குளுக்கோஸ் செய்யும். கட்டி அதையும் எடுத்துக்கொள்ளும். பட்டினியில் முதலில் சாய்வது கட்டியல்ல, ஆள்தான். நோன்பும் அப்படியே. ஆரோக்கியமான உடல் நோன்பைத் தாங்கும் சிக்கனத்தை அல்லாஹ் வைத்திருக்கிறான். நலிந்த உடலில் அந்தச் சிக்கனம் குலைந்திருக்கிறது. அல்-பகரா அத்தியாயத்தின் 184, 185ஆம் வசனங்கள் நோயாளிக்குத் தந்திருக்கும் சலுகை இத்தகையவருக்குத்தான். அதை ஏற்பது ஈமானின் குறைவல்ல.

மூன்றாவது, ஊட்டும் முறை. ஸஹீஹுல் புகாரியில் ஆயிஷா (ரலி) அவர்களின் அறிவிப்பாக வரும் தல்பீனா, வாற்கோதுமையில் செய்யும் மெல்லிய கஞ்சி, நோயாளியின் மனதுக்கு இதம் தருவதாகச் சொல்லப்பட்டது. அதன் பாங்கைப் பின்பற்றலாம்: கொஞ்சமாக, மெதுவாக, அடிக்கடி. முட்டை, மீன், பால், பருப்பு என்று புரதம் சேரட்டும். நோயாளிகளை உண்ணவும் பருகவும் வற்புறுத்த வேண்டாம் என்ற கருத்தில் திர்மிதியிலும் இப்னு மாஜாவிலும் ஒரு ஹதீஸ் உண்டு. இமாம் திர்மிதி அதை ஹஸன் கரீப் என்றார்கள். அதன் தொடரை மறுத்த அறிஞர்களும் உண்டு. தொடர் பற்றிய விவாதம் எப்படியிருந்தாலும், கடைசி நாட்களில் இருப்பவரின் வாயில் கரண்டியைத் திணிப்பதைவிட உதட்டை நனைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதுதான் அன்பு என்பதை நோயாளியைப் பார்த்த எவரும் ஒப்புக்கொள்வார்கள்.

நான்காவதும் முக்கியமானதும், காலம். 2011இல் உலக வல்லுநர்கள் சேர்ந்து வைத்த அளவுகோல் இது: நோயாளி தாமாக மெலிய முயலாமலே ஆறு மாதத்தில் 100க்கு 5க்கு மேல் எடை குறைந்தால் அது நலிவின் அடையாளம். 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ. அது புற்றாகவே இருக்க வேண்டுமென்பதில்லை. சயரோகமாக, நீரிழிவாக, தைரொயிட் கோளாறாகவும் இருக்கலாம். எதுவாயினும் காரணம் தேடப்பட வேண்டும். விழுங்கும்போது தடங்கல், மலம் கறுத்துப் போதல், காரணமற்ற இரத்தச் சோகை என்று ஏதாவது கூட இருந்தால் ஒரு வாரமும் தள்ளிப்போட வேண்டாம்.

சிலாவத்துறையிலிருந்து புற்றுச் சிகிச்சை நிலையங்கள் தூரம்தான். மகரகமவுக்கோ, அநுராதபுரத்துக்கோ, நாடெங்கும் நடந்து திரட்டிய நிதியால் எழுந்த தெல்லிப்பழைக்கோ போய் வருவது கூலித்தொழிலாளிக்கும் மீன்பிடிக்காரருக்கும் ஒரு நாள் உழைப்பும் பஸ் காசும் சேர்ந்த செலவு. ஆகவேதான், “கொஞ்ச நாள் பார்ப்பம்” என்ற சொல் நம் வாயில் சீக்கிரம் வருகிறது. அந்தக் கொஞ்ச நாளில்தான் திரியில் நெருப்புப் பற்றுகிறது. ஜும்ஆ பள்ளிகளின் ஸகாத், ஸதகா நிதிகளில் தகுதியான ஏழை நோயாளியின் முதல் பரிசோதனைப் பயணத்துக்கென ஒரு தொகையை ஒதுக்குவது பெரிய காரியமல்ல. பள்ளி மண்டபத்தில் ஒரு தராசு வைத்து, மாதம் ஒருமுறை முதியவர்களின் எடையைக் கொப்பியில் எழுதிவைப்பது இன்னும் சிறிய காரியம்.

கருஞ்சீரகமும் தேனும் நம் வீடுகளில் இருக்கட்டும். ஓதிப் பார்ப்பதும் நடக்கட்டும். அவை வைத்தியசாலைக்குப் போகும் நாளைப் பிற்போடாதிருந்தால் போதும். இந்தக் கரையின் முத்தை அரைத்துக் கொடுத்த ஹகீமும் தம் காலத்து அறிவில் தம்மால் முடிந்ததைச் செய்தார். வயிற்றுக்குள் இருந்த நோயைத் தெளிவாக எழுதிவைத்த இப்னு ஸுஹ்ரும் தம்மால் முடிந்ததைச் செய்தார். நமக்குக் கிடைத்திருப்பது அவர்களுக்குக் கிடைக்காத அறிவு. மெலிவை அதன் சொந்தப் பெயரால் நேரத்தோடு அழைக்கத் தெரிந்துகொள்வோம். ஷிஃபா அல்லாஹ்வின் கையில். தேடுவது நம் கையில்.